இங்க் ஜெயப்ரியா

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களில் ஜெயப்ரியா யார் என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நகக்கண்வரை கறுத்திருக்கும். நடுவிரலில் நீலம். சில நாள் சுண்டுவிரல் ஓரத்தில் ரோஜா நிறம்கூட ஒட்டியிருக்கும். மருதாணி என்று நினைத்து, "வீட்ல என்னம்மா விசேஷம்?" என்று கேட்டவர்கள் உண்டு. தினமும் நடக்கிற விசேஷம்தான். பிரிண்டருக்கு இங்க் ஊற்றுகிற விசேஷம்.

பிறந்த ஊர் மத்தூர். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படித்தாள், மெக்கானிக்கல். பெண் பிள்ளைக்கு எதற்கு இரும்பு வேலை என்று உறவில் பலர் சொல்லியும், அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிப்பு முடிந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கியர் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பிறகு குருபரப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டாள். கணவன் மணி, நெடுஞ்சாலையில் நிற்கிற லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். வீட்டில் மாமியார் மாதம்மாள். முழங்கால் தேய்ந்து போய், சுவரைப் பிடித்து நடக்கிறவள். நடை தளர்ந்தாலும் வாய் தளராத மாமியார்.

பயிற்சிக் காலத்தில் ஜெயப்ரியாவைப் போட்ட இடம் அளவெடுக்கும் அறை. மெஷரிங் ரூம் என்பார்கள். தொழிற்சாலை முழுக்க எண்ணெய் வாடையும் இரைச்சலுமாக இருக்க, அந்த அறை மட்டும் கோடையிலும் மார்கழியிலும் ஒரே குளிரில் இருக்கும். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நடுவில் மழமழவென்று கறுப்புக் கல் மேடை. அதன்மேல் ஓர் இயந்திரம். அதன் நுனியில் சிவப்புக் கல் பதித்த ஊசி மெல்ல இறங்கி வந்து கியரின் பல்லைத் தொடும். தொட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். தலைமுடியைப் பல கூறாகப் பிளந்தால் வருகிற அளவுகூட அந்தத் திரையில் எண்ணாக வந்து நிற்கும்.

அந்த 'டிக்' சத்தத்துக்கு அவள் மயங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோயில் மணி, சிலருக்குக் கொலுசு, இவளுக்கு இது. பயிற்சி முடிந்தபோது அந்த அறையில் இடம் இல்லை. தரப் பிரிவுக்குத் தலைவரான சம்பங்கி நல்ல மனிதர். "இடம் வந்தா மொதல்ல உன்னத்தாம்மா கூப்புடுவேன். அதுவரிக்கும் மேல ஆபீஸ்ல இரு" என்றார். மாடியில் ஆவணங்களை அச்செடுத்துக் கோப்பில் போடுகிற ஒப்பந்த வேலை. கொஞ்ச நாளைக்குத்தானே என்று படியேறினாள்.

அங்கேதான் கைசன் வந்து வாய்த்தது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கைசனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலையை எளிதாக்கவோ செலவைக் குறைக்கவோ ஒரு சின்ன யோசனை எழுதிக் கொடுப்பதுதான் கைசன். மாதம் ஒன்று கட்டாயம். கொடுக்காதவர்களின் பெயர் காலைக் கூட்டத்தில் சிவப்பு மையில் வரும். யோசனை என்ன மாம்பழமா, பருவத்துக்குப் பருவம் காய்க்க? ஆனாலும் மாதக் கடைசியில் எல்லாரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளக்கின் சுவிட்ச் பக்கத்தில் 'அணைக்கவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கைசன்கள் மட்டுமே அந்தத் தொழிற்சாலையில் ஒரு கட்டுக்கு இருந்தன.

ஜெயப்ரியாவுக்கும் அந்த மாதம் ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம் முடிகிற தறுவாயில், ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஸ் திரும்பும்போது தினமும் கண்ணில் படுகிற ஒரு பலகை ஞாபகம் வந்தது. 'இங்க் காட்ரிஜ் ரீஃபில் செய்து தரப்படும்.' அதை அப்படியே எழுதினாள். புதிய காட்ரிஜ் வாங்குவதற்குப் பதிலாகக் காலியானதிலேயே மறுபடி இங்க் நிரப்பினால் செலவு மிச்சம். ஒரே வரி. தயிர் சாதத்தின் கடைசிக் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு இடது கையால் கிறுக்கிய வரி. பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு வரிதான் காரணம்.

அலுவலக மேலாளர் ராஜப்பன், ஆனேக்கல் பக்கத்துக்காரர். தினமும் அத்திப்பள்ளி தாண்டி மாநில எல்லையைக் கடந்து வருகிறவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகக் கலந்தே வரும். தாளைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பாள சென்னாகிதே ஜெயப்ரியா! ரொம்ப நல்லா இருக்கு. இத்தன வருஷமா நம்ம கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு, ஒருத்தருக்கும் தோணலியே!"

அந்த மாதத்தின் சிறந்த கைசன் அவளுடையது. கேன்டீன் வாசலில் உள்ள பலகையில் அவள் புகைப்படம் ஏறியது. ஒரு கோப்பையும் சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழை மாதம்மாள் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். "எங்க மருமவ கண்டுபுடிச்சது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினாள். என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டால் மட்டும், "அது கம்பூட்டர்ல இருக்குது, உனக்குப் புரியாது" என்று முடித்துவிடுவாள்.

கைசனுக்கு ஒரு விதி உண்டு. எழுதியவர்தான் அது நிலைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே காலி காட்ரிஜ்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள்தான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போனாள்.

பலகைக்குச் சொந்தக்காரன் ஜமீர் அகமது. அவள் வயதுதான் இருக்கும். ஆள் நிற்க மட்டுமே இடமுள்ள கடை. கண்ணாடிப் பெட்டியில் நாலு நிறத்தில் இங்க் பாட்டில்கள், ஊசிகள், பஞ்சு. கல்யாணப் பத்திரிகைகூட அடித்துத் தருவான். அவன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில், "நீங்களே செஞ்சா இன்னும் மிச்சம்தானே" என்று ராஜப்பன் சொல்ல, பாட்டிலும் ஊசியும் மாடிக்கு வந்து சேர்ந்தன.

பார்க்க எளிதான வேலை. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் சின்ன ஓட்டை. அதில் ஊசியை இறக்கி, உள்ளே இருக்கிற பஞ்சு குடிக்கக் குடிக்க மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சிக்கும், அச்சில் வெள்ளைக் கோடு விழும். அதிகம் போனால் அடியில் ஒழுகும், பிரிண்டரின் வயிறு முழுக்க இங்க். மஞ்சளுக்குப் போட்ட ஊசியை மறந்து நீலத்துக்குப் போட்டால் அன்றைய வரைபடம் எல்லாம் பச்சை. எல்லாம் ஒழுங்காகச் செய்து மாட்டினாலும், காட்ரிஜ் காலி என்றே பிரிண்டர் சாதிக்கும். அதை ஏமாற்றி ஓட வைக்க ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே யாராவது வந்து, "மேடம், என் பிரிண்ட் மங்கலா வருது" என்பார்கள்.

ஒருநாள் இங்க் வாங்கப் போன இடத்தில் ஜமீரிடம் நேராகவே கேட்டாள்.

"பாய், மனசத் தொட்டு சொல்லுங்க. இது நெசமாவே லாபமா?"

ஜமீர் சிரித்தான். "ரீஃபில் கடைக்காரன் கிட்ட வந்து கேக்கற கேள்வியா மேடம் இது? சரி, சொல்றேன். தெனமும் ஓட்டற பிரிண்டருன்னா லாபம். மாசத்துக்கு ஒருவாட்டி ஓட்டறவங்களுக்கு நஷ்டம். வாயில இங்க் காஞ்சி போயிரும். அப்பறம் கிளீனிங், கிளீனிங்னு நாம ஊத்தனத எல்லாம் அதே குடிச்சிரும். அப்பறம், ஒரு காட்ரிஜ்ஜ எத்தன வாட்டிதான் ரொப்பறது? பஞ்சு செத்துரும். மூணு வாட்டி, நாலு வாட்டி, அப்பறம் கடாசிட்டு புதுசு வாங்கிடணும்."

"எங்க கம்பெனில கடாச விடமாட்டாங்க பாய். புதுசு வாங்குனா என் கைசன் தோத்துப்போச்சுன்னு அர்த்தமாம்."

"அப்ப நீங்கதான் கெடந்து மாரடிக்கணும். நான் கட வெச்சிகினு இருக்கேன், என் கைக்கு நானே கூலி வாங்கிக்கறேன். உங்க கைக்கு யாரு தராங்க?"

பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு பஸ் ஏறி வந்தது.

அதற்குள் ஆபத்து வேறு வழியில் வளர்ந்திருந்தது. ஒரு பிரிவில் சரிப்பட்ட யோசனையை எல்லாப் பிரிவுக்கும் பரப்ப வேண்டும் என்பது அடுத்த விதி. சரக்குக் கிடங்கு, சம்பளப் பிரிவு, வாசலில் காவலாளி அறை என்று எங்கெல்லாம் பிரிண்டர் உண்டோ அங்கெல்லாம் ஜெயப்ரியா போனாள். காலையில் படியேறும்போதே மேசையில் காலி காட்ரிஜ்கள் வரிசையாகக் காத்திருக்கும். கோப்பு வேலை ஓரத்துக்குப் போனது. 'டாக்குமென்ட் ஜெயப்ரியா' என்று கூப்பிட்ட வாயெல்லாம் 'இங்க் ஜெயப்ரியா' என்று கூப்பிடத் தொடங்கியது. யாரும் கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டினால் சண்டை போடலாம். தட்டிக்கொடுக்கிறவர்களிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

அளவெடுக்கும் அறைக்கும் பரப்பினார்கள். அன்று மட்டும் அவள் சந்தோஷமாகப் போனாள். செருப்பைக் கழற்றி, கையுறை மாட்டி, அந்தக் குளிருக்குள் நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது. கல் மேடைக்குப் பக்கத்து மேசையில்தான் பிரிண்டர். இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு இங்க் ஊசியை அழுத்தியதில் ஒரு துளி தெறித்து, கல் மேடையின் விளிம்பில் போய் விழுந்தது. அதைத் துடைத்து எடுப்பதற்குள் அவளுக்கு உயிரே போய்விட்டது. சம்பங்கி கடிந்துகொள்ளவில்லை. "பரவால்லம்மா" என்றார். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்று மாலையே அவளாகவே ஓர் அறிவிப்பை அச்சடித்து அந்தக் கதவில் ஒட்டினாள். 'இங்க் நிரப்பும் வேலை அறைக்கு வெளியே மட்டுமே செய்ய வேண்டும். இங்க் கையோடு உள்ளே வரக்கூடாது.' அந்த அறைமேல் வைத்த ஆசையில் ஒட்டியதுதான்.

அடுத்த ஆண்டு அளவெடுக்கும் அறையில் வேலை பார்த்த நஞ்சம்மா வேலையை விட்டு மைசூருக்குப் போனாள். சம்பங்கி சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. மாடிக்கே வந்துவிட்டார்.

"இடம் வந்துருச்சும்மா. ராஜப்பன் சார் உன்ன விட்டா நாளைக்கே வந்துரு. உனக்குன்னுதான் வெச்சிகினு இருக்கேன். ஆனா ரொம்ப நாளு வெச்சிக்க முடியாது."

ஜெயப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜப்பன் அறைக்கு ஓடினாள். அவர் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார், பிறகு யோசித்தார், பிறகு கேட்டார்.

"இங்க்குக்கு யாரு?"

"யாருக்காவது சொல்லிக் குடுக்கறேன் சார்."

சொல்லிக் கொடுத்தும் பார்த்தாள். ஒருவன் மூன்றாம் நாளே காட்ரிஜ்ஜின் வாயை உடைத்து வைத்தான். இன்னொருத்தி வெள்ளைச் சுடிதாரில் சிவப்பைக் கொட்டிக்கொண்டு, அழுதுகொண்டே போனவள் திரும்ப அந்த மேசைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் ஜெயப்ரியாவுக்கே ஆத்திரம் தாங்காமல், எல்லாவற்றையும் பாழாக்கிவிடுவோம் என்று நீலத்தை எடுத்துக் கறுப்பில் இறக்கப் போனாள். ஊசி ஓட்டைக்கு மேலே நின்றது. கட்டைவிரல் அழுத்த மறுத்தது. சரியாகச் செய்தே பழகிப்போன விரல், வேண்டுமென்று தப்புச் செய்ய அதற்கு வரவில்லை. தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. மேசைமேல் தலை கவிழ்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊசியைக் கழுவி, கறுப்பையே எடுத்து நிரப்பினாள்.

"போட்டி வருதில்ல, அது முடியட்டும். அப்பறம் கண்டிப்பா விடறேன்" என்றார் ராஜப்பன்.

போட்டி என்றால், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஒன்று சேர்ந்து ஓசூரில் ஆண்டுதோறும் நடத்துகிற கைசன் போட்டி. மேடை ஏறித் திரையில் படம் காட்டிப் பேச வேண்டும். அதற்குச் சேமிப்புக் கணக்கைத் தயாரிக்கும்போது, நிரப்புகிற ஆளின் நேரம் என்ற கட்டத்தில் ஜெயப்ரியா கையை நிறுத்தினாள்.

"இதுல என்ன சார் போடறது?"

"சைபர் போடுங்க. உங்களுக்குத்தான் சம்பளம் எப்படியும் குடுக்கறமே. தனியா செலவு இல்லியே."

அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. அவள் சைபர் போட்டாள். தன் காலை, மத்தியானம், விரல், வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த ஒற்றை வட்டத்துக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்தபோது மூச்சு முட்டியது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

போட்டியன்று நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள், அதில் கறை விழுந்தாலும் தெரியாது என்று. நன்றாகவே பேசினாள். படம் மாறி மாறி வந்தது. முன்வரிசையில் ராஜப்பன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் நடுவர்களில் ஒருவரான சுகுணா மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வேறொரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜெயப்ரியா காட்டிய திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரும்மா ரொப்பறாங்க?"

"நான்தான் மேடம்."

"உங்க நேரத்த இந்தக் கணக்குல சேத்திருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! இப்போது அத்தனை பேருக்கு முன்னால் கேட்டதும் அவள் கண் முன்வரிசைக்குப் போனது. ராஜப்பனைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. சமாளித்துவிட்டால் பரிசு. உண்மையைச் சொன்னால் இங்க் வேலை நின்றுபோகலாம். நின்றால் அளவெடுக்கும் அறை. சம்பங்கி காத்துக்கொண்டிருக்கிறார்.

"சேக்கல மேடம்."

"சேத்தா?"

"சேத்தா பெருசா ஒண்ணும் மிஞ்சாது மேடம். சில மாசம் நஷ்டம்தான் வரும். மங்கலா வந்து கிழிச்சிப் போடற பேப்பரு வேற இருக்குது. அந்த நேரத்துல நான் வேற வேல பாக்கலாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "எனக்கு மெஷரிங் தெரியும் மேடம்."

சுகுணா கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். ஜெயப்ரியாவின் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கிவிட்டது. சூளகிரி தாண்டும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் எலுமிச்சம்பழ மூடியில் உப்பைத் தொட்டு விரல்களைத் தேய் தேய் என்று தேய்த்தாள். இரண்டு மூன்று நாள் யாரும் காட்ரிஜ் கொண்டுவந்து வைக்கவில்லை. விரல்கள் மெல்ல வெளுத்தன.

"என்னம்மா, கையி வெளுத்துக் கெடக்குது? வேலய கீல வுட்டுட்டியா?" என்று மாதம்மாள் பதறினாள்.

"இல்லத்தே. வேற வேல வரப்போவுது."

அடுத்த வாரம் ராஜப்பன் கூப்பிட்டார். மேசைமேல் இனிப்புப் பெட்டி. அவர் கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டே போனவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க மேடையில சொன்னது ஒவ்வொரு வார்த்தயும் கரெக்ட். உங்க நேரத்துக்கு நாம மதிப்பே போடல. மேல வரைக்கும் பேச்சு போச்சு. இனிமே போட்டாச்சு." ஓர் உறையை அவள் கையில் வைத்தார். "பிரிண்டர் பராமரிப்புன்னு தனிப் போஸ்ட். நீங்க இனிமே கான்ட்ராக்ட் இல்ல. பர்மனென்ட்!"

ஓசூரில் அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காக வருஷக்கணக்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக் கிடைக்காமலே ஊருக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஜெயப்ரியா உறையைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராஜப்பன் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்.

"மெஷரிங் ரூம் சார்?"

"அதுக்கு ஹரீஷ்குமார போட்டாச்சு. இப்பத்தான் டிரெய்னியா வந்தவன். மெஷின் வேல, பழகிக்குவான். ஆனா உங்க வேலயப் பழகிக்க ஒருத்தனும் இல்லியே! முயற்சி பண்ணித்தான் பாத்தமே."

வெளியே வந்தவள் படிக்கட்டில் நின்று அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமாளித்துப் பேசியிருந்தால் ராஜப்பன் தன் வார்த்தைப்படி விட்டிருப்பாரோ? உண்மையைச் சொல்லித் தானே தன்னைப் பூட்டிக்கொண்டோமோ?

செய்தி அவளுக்கு முன்னால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தது. மாதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவில் நாலு வீட்டுக்கு நாட்டுச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பர்மனென்ட் என்றால் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு உண்டு என்று மணி விசாரித்து வைத்திருந்தான். கிருஷ்ணகிரி டாக்டர் முழங்காலை மாற்ற வேண்டும் என்று சொல்லி வெகு காலமாகிறது. இத்தனை நாளும் அந்தப் பேச்சு வந்தால் வீட்டில் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஜெயப்ரியா மெல்லச் சொன்னாள். "எனக்கு இந்த வேல வேணாங்க. மூச்சு முட்டுது. வேற எடத்துல மெஷரிங்குக்கு ஆளு எடுப்பாங்க. தேடிப் பாக்கலாம்னு இருக்கறேன்."

மணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"உனக்குப் புடிக்கலன்னா வுட்ரு பிரியா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே மாதம்மாள் கட்டிலில் இருந்து எழ முயன்று, முடியாமல், "அப்பாடா" என்று மறுபடி உட்காருகிற சத்தம் கேட்டது. மறுநாள் ஜெயப்ரியா கையெழுத்துப் போட்டாள்.

மாதம்மாளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது சுவரைப் பிடிக்காமல் கடைத்தெருவரை நடக்கிறாள். இப்படி ஒரு மருமகள் வாய்க்கக் கொடுத்து வைத்தவள் என்று ஊர் சொல்கிறது. மாமியாரின் கால் குணமானதை நினைத்தால் ஜெயப்ரியாவுக்கும் நிறைவாகத்தான் இருக்கிறது. அந்த நிறைவுதான் அவளை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வேலை என்றைக்காவது வேண்டாம் என்று தோன்றுகிற காலையில் எல்லாம், மாமியார் விறுவிறுவென்று நடந்து வந்து சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.

போன வாரம் அளவெடுக்கும் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை எல்லாம் மங்கலாக வருகிறதாம். பாட்டில்களையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள். ஹரீஷ்குமார் கதவைப் பாதி திறந்துகொண்டு வந்தான். வெள்ளைக் கையுறை மாட்டிய கைகளில் பிரிண்டரை ஏந்தியிருந்தான்.

"கழட்டாதீங்கக்கா. நானே வெளிய எடுத்தாந்துட்டேன். ரூல் இருக்குதில்ல" என்று கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணால் காட்டினான். நல்ல பையன், மரியாதைக்குத்தான் சொன்னான். அந்தத் தாளை ஒட்டியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலில் பிரிண்டரை வைத்தான். அவள் தரையில் குந்தி உட்கார்ந்து காட்ரிஜ்ஜின்மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தாள், ஊசியை இறக்கினாள். பாதி திறந்த கதவு வழியாக அந்தக் குளிர் வந்து முழங்கையில் பட்டது. உள்ளே கல் மேடையின்மேல் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. 'டிக்'. கொஞ்சம் நகர்ந்தது. 'டிக்'. அவள் அழுத்துவதை நிறுத்தி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அதுவும் வந்தது. கண்ணில் நீர் திரண்டது. கறுப்பு விரலால் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான் ஹரீஷ்குமார். "எங்க வீட்டுலயும் ஒரு பிரிண்டர் இருக்குது. ரீஃபில் பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிரலாமா? நெசமாவே லாபமாக்கா இது?"

ஜெயப்ரியா ஊசியை வெளியே எடுத்து, நுனியைப் பஞ்சில் ஒற்றினாள்.

"லாபந்தான் தம்பி" என்றாள். "ஆனா நீ பண்ணாத. கத்துக்கவே கத்துக்காத."

அவன் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். குளிர் வெளியே போகக் கூடாது என்று காலால் கதவைத் தள்ளிச் சாத்தினான்.